கடுவன் பூனையும் எம்.டி. 90உம்

மாங்குளம்
ஐப்பசி, மழை நாள்

அன்பு மச்சான்,

நீ அனுப்பிய படங்கள் கிடைத்தன. நியூயோர்க்கில் இன்ட்ரெபிட் அருங்காட்சியகக் கப்பலின் மேல்தளத்தில், அமெரிக்கக் கடற்படையின் பழைய போர் விமானம் எஃப்-14 ரொம்கற்றுக்கு, அதுதான் நம் பாஷையில் கடுவன் பூனைக்கு, முன்னால் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறாய். தொந்தி நன்றாகத் தெரிகிறது. அம்மாவிடமும் காட்டினேன், 'பொடியன் நல்லாச் சாப்பிடுறான்' என்று சந்தோசப்பட்டா.

இங்கே மூன்று நாளாக விடாத மழை. விதைப்பு முடிந்தது, கராஜுக்கும் ஆள் வரவில்லை. அதனால் உன் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். கண் முதலில் போனது இறக்கை மடியும் இடத்துக்குத்தான். குண்டு போட மிக்-27 விமானம் வரும்போது, இறக்கை விரிந்திருக்கா ஒடுங்கியிருக்கா என்று பங்கர் வாசலில் நின்று பார்ப்பாயே, ஞாபகம் இருக்கா? அந்த மிக்கில் விமானி தன் கையால்தான் இறக்கையை மாற்ற வேண்டும். ரொம்கற்றில் அதைக் கணினியே பார்த்துக்கொண்டது. வேகத்துக்கு ஏற்ப 20 பாகையிலிருந்து 68 பாகை வரை தானாகப் போய்வரும். கப்பலில் மெதுவாக வந்து இறங்க விரிந்த இறக்கை வேண்டும், ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் போக ஒடுங்கிய இறக்கை வேண்டும். இரண்டையும் ஒரே உடம்பில் வைத்தார்கள் பார், அது கெட்டித்தனம்.

ராடரும் லேசுப்பட்டதல்ல. 1974இல் சேவைக்கு வந்த விமானம் ஒரே நேரத்தில் 24 இலக்குகளைப் பின்தொடரும், ஆறின்மேல் ஃபீனிக்ஸ் ஏவுகணை விடும். யாழ்ப்பாணத்தில் நின்று அனுராதபுரத்தில் பறப்பதை அடிக்கலாம் என்று வை. பங்கருக்குள் வளர்ந்துவிட்டு இதை மெச்சுகிறாயா என்று மனிசி கேட்டாள். நான் மெச்சுவது ஸ்பானர் பிடித்தவனை என்றேன். அவள் நம்பவில்லை.

ஆனால் மச்சான், அந்த ஸ்பானர்காரர்கள் பட்ட பாடு! முதலில் போட்ட டிஎஃப்30 எஞ்சின், விமானி திராட்டிலைச் சடுதியாக அசைத்தால் மூச்சுத் திணறிவிடும். அதனால் விழுந்த விமானங்கள் பல. பிறகு எஃப்110 எஞ்சின் வந்துதான் மானம் காத்தது. வயது போகப் போக, ஒரு மணித்தியாலம் பறக்க ஐம்பது மணித்தியாலம் அளவில் வேலை செய்ய வேண்டியிருந்ததாம். எதிர்த்து வருமென்று பயந்த சோவியத் குண்டுவீச்சு விமானங்களும் இல்லாமல் போக, சுப்பர் ஹோர்னெற் என்ற புது விமானம் அந்த இடத்தைப் பிடித்தது. 2006 செப்டெம்பர் 22இல் பிரியாவிடை. அன்று பறக்க வேண்டிய விமானம் பழுதாகி, தயாராக வைத்திருந்த மற்றதுதான் எழும்பியதாம்! கல்யாண வீட்டுக்குப் போகிற அன்று பார்த்து நம் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் மக்கர் பண்ணுவதுபோல. நமக்கு அப்போது சண்டையால் ஏ9 பாதை மூடிய நேரம், இந்தச் செய்தி யாருக்குக் கேட்டது?

எனக்குப் பிடித்த கதை வேறு. ஈரானுக்கு மன்னர் ஷா காலத்தில் 79 ரொம்கற் கொடுத்திருந்தார்கள். 1979இல் புரட்சி வந்ததும் உதிரிப்பாகம் நின்றது. அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவர்களோ ஒன்றைக் கழற்றி இன்னொன்றுக்குப் போட்டு, இல்லாததைத் தாங்களே கடைந்து, நாற்பது வருடத்துக்கு மேல் பறக்கவிட்டார்கள். ஓர் ஆணிகூட அங்கே போய்விடக் கூடாதென்று, ஓய்வுபெற்ற விமானங்களை அமெரிக்கா துண்டு துண்டாக நறுக்கியது. நீ முன்னால் நின்றது தப்பிப் பிழைத்த கொஞ்சத்தில் ஒன்று.

அரசியலை விடு. பொருளாதாரத் தடைக்குள் இருந்து சாமானை ஓடவைப்பவனை எனக்குத் தெரியும். கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோமே, புகை பரந்தன் வரை போகும். ரொம்கற் குடித்ததும் மண்ணெண்ணெய் வகைதான், கப்பலில் தீப்பிடிக்காமல் இருக்கப் பதமாக்கியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

உன் அப்பாவின் எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் இன்னும் என் கராஜ் மூலையில் நிற்கிறது. பெற்றோல் தாங்கி கறள் பிடித்துவிட்டது, எஞ்சின் நல்லது. அங்கே பழைய சாமான் கடைகளில் அதன் காபரேற்றர் கிடைக்குமா என்று பார். வரும்போது கையோடு கொண்டு வா, மழை விட்டதும் முறிகண்டி வரை ஓடிப் பார்ப்போம்.

உன் கூட்டாளி