நடந்தால் வரும் நெஞ்சுவலியும் கால்சியம் தடுப்பு மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலூர்க் கோட்டையைச் சுற்றி நடக்கும்போதோ வள்ளிமலைப் படி ஏறும்போதோ நெஞ்சு இறுகி, நின்றதும் விட்டுவிடுகிற வலிக்குப் பலருக்கும் கால்சியம் தடுப்பு மாத்திரை எழுதித் தரப்படுகிறது. பெயரைக் கண்டு பாலையும் கேழ்வரகையும் நிறுத்த வேண்டியதில்லை. இம்மருந்து தடுப்பது உணவிலுள்ள சத்தை அல்ல. ரத்தக்குழாய், இதயத் தசைச் செல்களுக்குள் கால்சியம் நுழையும் வாயிலை.

இவ்வகை மாத்திரைகளில் அம்லோடிபின் முக்கியமாகக் குழாய்களைத் தளர்த்தும்; இதயத்தின் பளு குறையும். டில்டியாசெம், வெரபாமில் இரண்டும் அதோடு நாடித்துடிப்பையும் இதயம் சுருங்கும் விசையையும் குறைக்கும். ஆகவே அதே படியை ஏற இதயத்துக்குக் குறைந்த ஆக்சிஜனே போதும்.

ஆபத்தும் இங்கேதான். நாடித்துடிப்பைக் குறைக்கும் வேறு வகை மாத்திரைகளான மெட்டோப்ரோலால், அட்டெனலால் சாப்பிடுகிறவருக்கு வெரபாமிலையும் சேர்த்தால் நாடி 40க்குக் கீழே இறங்கி மயக்கம் வரலாம். இரண்டு மருத்துவர்களிடம் போகிறவர்கள் தயவுசெய்து பழைய சீட்டைக் காட்டுங்கள். பம்பிங் குறைந்த இதயத்துக்கு டில்டியாசெமும் வெரபாமிலும் ஆகாது.

அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம், 10 மி.கி. அளவில் அதிகம். இந்த வீக்கம் நீர் மாத்திரைக்குச் சரியாக வற்றாது. மருத்துவர் அளவைக் குறைத்தால் வடியும். கூடவே மூச்சுத்திணறல் இருந்தால் அன்றே காட்ட வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்தால் அழுத்தம் இறங்கித் தலைசுற்றும்.

வலி வந்த நேரத்தில் அம்லோடிபின் உதவாது. அது ரத்தத்தில் உச்சம் தொடவே 6 முதல் 12 மணி நேரமாகும். உட்கார்ந்து, மருத்துவர் தந்த சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கின் அடியில் வையுங்கள். 5 நிமிடத்தில் தணியாவிட்டால் 108ஐ அழையுங்கள்.

இதயநோய் மருத்துவர்கள் இருவர்,
காட்பாடி