புது மெஷின் வேண்டாம்: எங்கள் வங்கிக்கு ஒரு திறந்த மடல்

வங்கியின் சமூகப் பொறுப்புக் குழுவினருக்கு வணக்கம்.

ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றின் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். சேலம் டவுனில் இருக்கும் உங்கள் கிளையில்தான் எனக்கும் கணக்கு. கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களே, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடுக்கிற விதத்தைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் நீங்கள் கொடுத்த, குடிதண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. மெஷின் நிற்கிறது. உங்கள் பெயர் மட்டும் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. குழாயில் தண்ணீர் இல்லை. முதலில் ஃபில்டர் அடைத்துக்கொண்டது. அப்புறம் கரண்ட் ஏறி இறங்கியதில் மோட்டாரும் போனது. மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பிமேல் விழுவது இங்கே வாடிக்கை. சேலத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டால், ஒரு மெஷினுக்காக இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரணுமா என்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான். இப்போது அதன்மேல் சத்துணவுத் தட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஓடியிருந்தாலும் சிக்கல்தான். இந்த மெஷின் உள்ளே போகும் தண்ணீரில் பெரும்பகுதியைக் கழிவாக வெளியே தள்ளும். கோடையில் ஊற்று வற்றிக் குடத்தோடு அலைகிற ஊருக்கு இது தோதுப்படுமா? எங்களைக் கேட்டிருந்தால், தொட்டிக்கு ஒரு மூடி போட்டு, ஊற்றிலிருந்து வரும் உடைந்த பைப்பை மாற்றித் தாருங்கள் என்றிருப்போம். ஃபோட்டோவுக்கு அது எடுப்பாக இருக்காது, சரி.

மார்ச் நெருக்கடி எங்களுக்கும் புரிகிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. நிதியாண்டு முடிவதற்குள் கணக்குக் காட்ட வேண்டுமென்றால், வாங்கி இறக்கிவிட்டுப் போவதுதான் சுலபம். ஆனால் 'தொடர் திட்டம்' என்று எடுத்துக்கொண்டால், தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் வரை அதை நடத்த விதியில் இடமிருக்கிறது. அந்த ஆண்டில் செலவாகாத தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும், அவ்வளவுதான். கணக்குத் திறப்பது வங்கிக்குத் தெரியாத வேலையா என்ன?

ஆகவே இந்த வருடம் மலைக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். ஏற்கெனவே கொடுத்தவை எந்தெந்தப் பள்ளியில் என்ன நிலையில் இருக்கின்றன என்று ஆளனுப்பிப் பாருங்கள். ஐ.டி.ஐ. படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இங்கேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை மூன்று வருடச் சம்பளத்துக்கு வைத்தால், பள்ளி பள்ளியாகப் போய் மோட்டாரும் பைப்பும் பார்ப்பார். கொஞ்சம் உதிரிபாகச் செலவும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேண்டுமானால் அவர் சட்டையில் உங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்!

முடிவெடுக்கும் முன் ஒருமுறை எங்கள் குழுக் கூட்டத்துக்கு வாருங்கள். காபிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரை மட்டும் வேண்டாம். பெற்றோர் எல்லோரும் தோட்டத்தில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்
ஏற்காடு