நான் பெயர் கேட்க மறந்த கோல்ஃப் கேடிக்கு நன்றி

ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில், 1906ஆம் ஆண்டு முதல் கடலை நோக்கி நிற்கும் ஓட்டலில் தங்கி கோல்ஃப் ஆடிய எனக்குத் துணைவந்த கேடிக்கு (மட்டைப் பையைச் சுமந்து, ஆட்டத்தில் யோசனையும் சொல்லும் உதவியாளருக்கு), பெயரைக் கேட்க மறந்த வெட்கத்தோடு இந்த நன்றியை எழுதுகிறேன். குறுக்கே வீசிய கடற்காற்றில் பந்தை உயரத் தூக்கி அடிக்க நான் முனைந்தபோதெல்லாம், தாழ்வாக அடித்துத் தரையில் உருளவிடுமாறு பொறுமையாகச் சொன்னவர் அவர். நான் கேளாமல் அடித்துத் தொலைத்த பந்தை, விதி அனுமதிக்கும் 3 நிமிடங்களுக்குள் உயர்ந்த புல்லில் தேடிக் கண்டெடுத்தவரும் அவரே. 1977இல் இதே டர்ன்பெரியில் நடந்த ஓப்பன் கோல்ஃப் போட்டியில் டாம் வாட்சன் ஒரே அடி வித்தியாசத்தில் ஜாக் நிக்லாஸை வென்ற கதையை, என் ஆட்டம் (எண்ணிக்கையைச் சொல்ல மாட்டேன்) முடிந்த பிறகே சொன்ன அவருடைய நாகரிகத்துக்குத் தனி நன்றி.