தங்கச்சிக்கு, அம்மாவின் படம் பற்றி

தங்கச்சி,

நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு அம்மாவின் ஆட்டத்திவசம், முதல் வருட நினைவு நாள், வருகிறது. நாள் சித்தி சொல்லியிருப்பா. போன் எடுத்தால் நீ எடுக்கிறாய் இல்லை, வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. ஆனால் இந்தப் பக்கத்தை நீ வாசிக்கிறாய் என்று தெரியும், அதனால் இங்கேயே எழுதுகிறேன். எங்கள் ஆட்களும் வாசிப்பார்கள். சில இடங்களில் ஆள் யார் என்று எழுதமாட்டேன், உனக்கு விளங்கும்.

அந்தப் படத்தை நேற்றுக் கழற்றிவிட்டேன். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

மன்னிப்புக் கேட்பதற்கு முதல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வாய் வராது. நீ வரைந்ததில் கண் மேலே ஏறித்தான் இருந்தது. உச்சந்தலையிலிருந்து நாடி வரை அளந்தால் கண் கிட்டத்தட்டப் பாதியில் வரவேண்டும். புதிதாக முகம் வரைகிற எல்லாரும் நெற்றியைத்தான் திருடுவார்கள், ஏனென்றால் ஒரு ஆளைப் பார்க்கும்போது கண்ணையும் வாயையும் பார்க்கிறோமே தவிர மண்டையை யார் பார்க்கிறார்கள்? கண்ணின் வெள்ளையையும் டியூபிலிருந்து பிதுக்கி அப்படியே வைத்திருந்தாய். அது வெள்ளை இல்லையடி, மேல் இமையின் நிழல் விழுகிற ஒரு உருண்டை, சாம்பல்தான். எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! இதெல்லாம் பிழை, இன்றைக்கும் பிழை என்றுதான் சொல்லுவேன். அதைத் திருத்த எனக்கு உரிமை இருந்தது என்று பத்து மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் நான் கண்ணை மட்டும் திருத்தவில்லை.

அந்தப் பின்னேரம் ஞாபகம் இருக்கிறதா? விறாந்தையில் நீ பாயில் இருந்தாய், முன்னால் அம்மாவின் பழைய அடையாள அட்டை. 95 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர, நாங்களும் வீட்டை விட்டு நடந்தபோது அல்பங்களை அலுமாரியில் வைத்துவிட்டுப் போனோம், அடுத்த வருடம் வந்து பார்த்தால் செல்லரித்துக் கிடந்தது. அதற்குப் பிறகு அம்மா படமெடுக்க முகம் காட்டியதே இல்லை, போனைத் தூக்கினால் சேலைத் தலைப்பால் மறைத்துவிடுவா. மிஞ்சியது அந்தத் தபால்தலை அளவுக் கறுப்பு வெள்ளைப் படம்தான். அதில் நிறத்துக்கு எங்கே போவது? நீ ஒன்றும் கேட்காமல் என் கையை இழுத்து உன் மடியில் வைத்தாய். "அண்ணைக்குத்தான் பெரியம்மாவின் நிறம்" என்றாய். பேர்ண்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, கொஞ்சம் யெல்லோ ஓக்கர் என்கிற மண் மஞ்சள், பிரஷ் நுனியில் துளி அல்ட்ராமரைன் நீலம். கலந்து கலந்து என் முழங்கைக்குக் கீழே பொட்டுப் பொட்டாக வைத்துப் பார்த்தாய். முதல் பொட்டு செங்கல் மாதிரி நின்றது. அடுத்தது பச்சை அடித்தது. ஏழாவதோ எட்டாவதோ, வைத்த இடம் தெரியவில்லை. தோலுக்குள்ளே போய்விட்டது போல. "எங்கே வைச்சனான், சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்டாய், எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை, ஈரம் மினுங்கினபோதுதான் தெரிந்தது.

அதை நான் உனக்குச் சொல்லித்தரவில்லை. நீயாகக் கண்டுபிடித்தது.

முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு முதல் நாள் வீடியோ அழைப்பில் படத்தைக் காட்டினேன். வெளிநாட்டில் இருந்து ஒருவர் கேட்டார், "அம்மா இவ்வளவு கறுப்பே?" அவ்வளவுதான். அம்மா கறுப்பென்று நான் சொல்லியிருக்கலாம். "ஓம், கறுப்புத்தான், உங்களுக்கு மறந்துபோச்சா?" என்று கேட்டிருக்கலாம். சிரித்துவிட்டு, "லைற்றில் அப்படித் தெரியுது" என்றேன். இரவு எல்லாரும் படுத்த பிறகு கண்ணைக் கீழே இறக்கத்தான் இருந்தேன், சத்தியமாக. இறக்கினேன். பிறகு டைட்டேனியம் வைற்றைத் திறந்தேன். நிறத்தைத் தூக்க வெள்ளை போடாதே, சுண்ணாம்பு அடித்த மாதிரிக் குளிர்ந்துபோகும், ஓக்கரைப் போடு என்று உனக்குப் படிப்பித்தவன் நான். கன்னம், நெற்றி, மூக்கு, கழுத்து வரை அடித்தேன். அக்ரிலிக், அதுவும் எங்கள் ஊர் வெக்கை. பத்து நிமிடத்தில் காய்ந்துவிட்டது. எண்ணெய் வண்ணமாக இருந்திருந்தால் விடிய எழும்பித் துணியால் துடைத்திருக்கலாம்.

இதற்கு ரவிவர்மாவைக்கூடக் குற்றம் சொல்லிப் பார்த்தேன். 1894இல் அந்த மனுசன் பம்பாயில் அச்சுக்கூடம் போட்டுச் சரசுவதியையும் இலட்சுமியையும் வீட்டுக்கு வீடு அனுப்பினதில் எங்கள் சுவாமி அறை முழுக்க வெள்ளைத் தோல், அதைப் பார்த்தே வளர்ந்த கண் என்று. நல்ல நியாயம்தான். ஆனால் டியூபைத் திறந்தது ரவிவர்மா இல்லை.

காலையில் நீ பூவோடு வந்தாய். படத்தைப் பார்த்தாய். பிறகு என் கையைப் பார்த்தாய். பூவை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் மரக்கறி வெட்டினாய், பின்னேரம் வரைக்கும்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? ஏசியிருக்கலாமே? கேட்காமல் போய், நான் பொறாமையில் செய்தேன் என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறாய், அது சுற்றிச் சுற்றி இரண்டு நாடு கடந்து என்னிடமே வந்தது. பொறாமை! பிரஷ் பிடிக்கத் தெரியாத நாளில் உன்னைச் சைக்கிளில் ஏற்றிக் கஸ்தூரியார் வீதிக்குக் கூட்டிப்போய்ப் பெயின்ற் வாங்கித் தந்தது யார்? சரி, விடு. இதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் தொடங்கினேன்.

போன கிழமை என் போனில் உன் படம் கிடைத்தது, நான் கைவைப்பதற்கு முதல் எடுத்தது. நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக மாற்றி அடையாள அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் இருட்டும் வெளிச்சமும் அப்படியே பொருந்துகிறது. மூக்கடி நிழல், கீழுதட்டுக்குக் கீழே உள்ள பள்ளம், இடது கன்னம். என்னுடையதையும் அப்படி மாற்றினேன். மா பூசின முகம், கண் சரியான இடத்தில் இருந்தும் யாரோ ஒரு பொம்பிளை. நீ ஒரு விரல் அளவு பிழை விட்டாய், நான் ஆளையே விட்டுவிட்டேன்.

அதே அளவில் ஒரு கான்வஸ் வாங்கி வைத்திருக்கிறேன், மெல்லிய மண்ணிறம் அடித்துக் காயவைத்தாயிற்று. நீ வந்து வரை. நான் அறைக்குள் வரமாட்டேன். ஆனால் உச்சி, கண், நாடி மூன்றுக்கும் கரியில் கோடு போட்டுவிட்டுத் தொடங்கு, முதலில் ஒற்றை நிறத்தில் இருட்டை மட்டும் வை, கண்ணிமை மயிரைக் கடைசிக்கு விடு, அரை மணிக்கொரு தரம் கண்ணாடியில் திருப்பிப் பார், கோணல் உடனே தெரியும். சரி, வாயை மூடுகிறேன். கை வேண்டுமென்றால் கூப்பிடு, வந்து நீட்டுகிறேன்.

எல்லா நிறமும் புதிதாக வாங்கினேன், வெள்ளையைத் தவிர. பழைய டியூபில் கொஞ்சம் கிடக்கிறது, கண்மணியில் வைக்கிற இரண்டு புள்ளிக்குக் காணும்.

அண்ணை