வாங்குவதற்கு முன் மூலப்பத்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹவாயில் திறந்தவெளிப் பாதுகாப்புக்காகப் பொதுப்பணத்தில் நிலம் வாங்குவது பற்றிய கட்டுரை, அங்குள்ள மக்களை 'வேண்டும்', 'வேண்டாம்' என்று இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டது. பூர்வகுடி ஹவாயர்களில் பலருக்கு நிலத்தைக் காப்பதில் மறுப்பில்லை. யாரிடமிருந்து வாங்குகிறார்கள், பத்திரம் யார் பெயரில் பதிவாகிறது என்பதே அவர்கள் கேள்வி.

பெரிய நிலச் சொந்தக்காரர்களிடம் வாங்கும்போது சிக்கல் குறைவு. ஒவாஹு தீவின் வைமேயா பள்ளத்தாக்கு, 1,875 ஏக்கர், 2006இல் 1.4 கோடி டாலருக்குக் கைமாறியது. ஹொனலுலு நகராட்சி 50 லட்சம், ராணுவம் 35 லட்சம், ஹவாயர் நலனுக்கான அரசு அமைப்பான ஓஹா 29 லட்சம், மாநில நிலத்துறை 16 லட்சம், பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபன் சங்கம் 10 லட்சம் போட்டன. பத்திரம் ஓஹா பெயரில். அதே ஆண்டு 'பெரிய தீவு' எனப்படும் ஹவாய் தீவில் 25,856 ஏக்கர் வாவோ கெலெ ஓ பூனா காடும் ஓஹாவிடம் வந்தது. 1980களில் மாநில அரசே ஒரு எஸ்டேட்டுக்கு மாற்றிக்கொடுத்து, பிறகு புவிவெப்ப மின்சாரத்துக்குத் துளை போடப்பட்டுப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்த காடு அது. இந்த இரண்டையும் 'பறிப்பு' என்று யாரும் சொல்வதில்லை.

சிக்கல் குலேயானா நிலத்தில். 1848 நிலப்பிரிவினைக்குப் பிறகு, 1850 சட்டப்படி குடியானவர்களுக்குக் கிடைத்த சிறு துண்டுகள் இவை. மொத்தம் சுமார் 28,600 ஏக்கர்தான், தீவுகளின் பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லை. முதல் பத்திரத்தில் பெரும்பாலும் ஒற்றைப் பெயர், குடும்பப்பெயர் கிடையாது. சாட்சி வாக்குமூலம் ஹவாய் மொழியில். உயில் இல்லாமல் ஐந்து தலைமுறை போய், தலைமுறைக்கு நாலு பிள்ளை என்று வைத்தாலும் 1,024 பங்காளிகள். ஊரோடு இருந்து வரி கட்டுகிறவர் ஒருவர், மற்றவர்கள் கலிபோர்னியாவில், லாஸ் வேகாசில்.

விற்க விரும்பும் ஒரு பங்காளியிடம் வாங்கினால் அது நிர்ப்பந்தம் ஆகாது என்பது கட்டுரையின் வாதம். ஆனால் ஒரு பங்கு கைமாறியதும் வாங்கியவரும் கூட்டுச் சொந்தக்காரர்; பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். துண்டு பிரிக்க முடியாத அளவுக்குச் சின்னது என்றால் முழுதும் விற்பனைக்கு. 2016இல் ஹவாய் ஏற்ற வாரிசுச் சொத்துச் சட்டம், விற்பனை கேட்டவரின் பங்கை மதிப்பீட்டு விலைக்கு மற்றவர்கள் வாங்க வழி தந்தது. நோட்டீஸ் வந்த 45 நாளில் விருப்பம் தெரிவிக்க வேண்டும். கடற்கரை விலைக்கு யார் பணம் புரட்டுவது? காவாய் தீவில் முகநூல் நிறுவனர் தரப்பு 2016 கடைசியில் இத்தகைய துண்டுகளுக்கு உரிமையாளர் யார் என்று தீர்க்கக் கோரும் உரிமை உறுதி வழக்குகளைத் தொடுத்து, கண்டனம் கிளம்பியதும் அடுத்த மாதமே கைவிட்டது. அந்தக் காயம் ஆறாதபோது மாவட்ட நிர்வாகமும் அதே கதவைத் தட்டினால் நோக்கம் நல்லது என்பதை யார் நம்புவார்?

ஆகவே எந்த நிலத்தை வாங்குவது என்று முடிவுசெய்யும் குழு முதலில் அரசர் காலத்து மூலப் பட்டா எண்ணிலிருந்து வில்லங்கம் எடுக்கட்டும். சர்வே எண்ணில் குலேயானா அடங்கியிருந்தால் அதை வெளியே நிறுத்திவிட்டுச் சுற்றியுள்ள எஸ்டேட் நிலத்தை மட்டும் வாங்கட்டும். குடும்பமே கேட்டால், கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் விலைக்கு வாங்கலாம். மண் அவர்களிடமே இருக்கும்.

கிரயப் பத்திரத்தின் வாசகம் இன்னொரு தொல்லை. குலேயானாவில் சேம்பு விளைய ஓடுநீர் வேண்டும். வயல்நீர் 27 டிகிரி செல்சியசைத் தாண்டினால் கிழங்கு அழுகும் ஆபத்து கூடும். மேல்மடை நிலம் 'இயற்கைக் காப்பகம்' ஆகி, வாய்க்கால் தூர்வார ஆள் நுழைய அனுமதிச்சீட்டு கேட்டால், பயிர் அந்தப் போகத்திலேயே போய்விடும். நடைவழியும் ஓடுநீரும் பழைய சட்டத்திலேயே குடிகளுக்கு உள்ள உரிமைகள். 1978 அரசியலமைப்புத் திருத்தம் மரபுவழி உரிமைகளுக்கு மேலும் வலு சேர்த்தது. ஆனாலும் தூர்வாரும் உரிமையையும் அதற்கான பாதையையும் எல்லை விவரத்தோடு பத்திரத்திலேயே எழுதாவிட்டால், ஒவ்வொரு புது அதிகாரியிடமும் முதலிலிருந்து வாதாட வேண்டியிருக்கும்.

பராமரிப்புச் செலவைக் கட்டுரை தொடவேயில்லை. பெரிய தீவு மாவட்டம் சொத்துவரியில் 2 சதவீதத்தை நிலம் வாங்க ஒதுக்குகிறது. பராமரிக்கத் தனியாகக் கால் சதவீதம் வேண்டும் என்பது 2012இல்தான் மாவட்டச் சாசனத்தில் ஏறியது. வேலியும் களையெடுப்பும் இல்லாவிட்டால் ஆடும் காட்டுப்பன்றியும்தான் அந்தத் திறந்தவெளியை அனுபவிக்கும். களை பிடுங்கும் கூலி வேலையாவது அந்தக் குலேயானா குடும்பங்களுக்குக் கிடைக்கிறதா என்று கட்டுரையாளர் ஒருமுறை விசாரிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்