தண்ணீருக்குள் இறங்க மறுத்தவருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

2024 நவம்பர் 29ஆம் திகதி பிறந்த என் மகளுக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த பிறகே இந்த மடலை எழுத எனக்கு அவகாசம் கிடைத்தது. நன்றி சொல்ல வேண்டியவர்களில் பலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது என்பதால், எல்லோரும் காணும்படி எழுதுகிறேன்.

மட்டக்களப்பு மாவட்டத்தின் கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் ஊடாக எங்கள் கிராமத்துக்கு வரும் வீதி மாரியில் நீரில் மூழ்குவது புதிதன்று. ஆனால் இம்முறை நான் முப்பத்தேழு வாரக் கர்ப்பிணி. இரண்டாவது பிள்ளை சத்திரசிகிச்சை மூலம் பிறந்ததால், வலி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் இருந்துவிட முடியாத நிலை. கணவர் கட்டாரில். நான்கு வயதிலும் இரண்டு வயதிலும் இரு பிள்ளைகள், மாமி, நான் என வீட்டில் இருந்தது அவ்வளவு பேர்தான்.

முதல் நன்றி, நாங்கள் மிஸ் என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கு. பின்னர் ஃபெங்கல் எனப் பெயர்பெற்ற தாழமுக்கம் கிழக்குக் கரையை நெருங்கிய 25ஆம் திகதி, அவர் தமது பதிவேட்டில் பிரசவத் திகதி நெருங்கியவர்களைத் தேடி ஒவ்வொருவராக அழைத்தார். "விடிஞ்சதும் வெளிக்கிடுங்க, கிளினிக் கொப்பிய பொலித்தீன்ல சுத்தி நெஞ்சோட வெச்சுக்கொள்ளுங்க" என்றார். நான் தயங்கியபோது, 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியைக் கண்ட மாமி, "எழுபத்தெட்டுல இருட்டுக்குள்ள ஓடினது காணும் மகள்" என்று சொல்லி உடுப்புப் பையைக் கட்டத் தொடங்கிவிட்டார்.

அடுத்த நன்றியுடன் ஒரு மன்னிப்பும் சேர்கிறது. 26ஆம் திகதி காலை, உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பிப் பாய் விரித்து எங்களை ஏற்றிவந்த அண்ணன், வீதியை நீர் மூடியிருந்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். முழங்காலளவு நீர்தானே, மெதுவாகப் போகலாமே என்று முதலில் கெஞ்சினேன். பின்பு சொல்லக்கூடாத வார்த்தைகளையும் சொன்னேன். சின்னவன் குளிரில் அழுதான். எனக்கு இடுப்பு விட்டுவிட்டு வலித்தது. அவர் கோபிக்கவில்லை. "தண்ணி நிக்கல்ல தங்கச்சி, ஓடுது. பெட்டிய இழுத்தா நான் என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தமது மழை அங்கியைப் பிள்ளைகளுக்கு மேலே விரித்துப் பிடித்தபடி, தோணி வரும்வரை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் நனைந்துகொண்டு நின்றார். காரைதீவு மாவடிப்பள்ளியில் மதரசா மாணவர்கள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்ற செய்தி, அன்று இரவு நான் படுத்திருந்த வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை விடுதிக்கு வந்தது. அந்தத் தாய்மாரை நினைத்து நாங்கள் எல்லோரும் அழுதோம். அண்ணன், நீங்கள் மறுத்ததற்கு நன்றி. நான் பேசியதை மன்னித்துக்கொள்ளுங்கள்.

தோணிக்காரத் தம்பிமார் இருவரும், உயிர்காப்பு அங்கி என் வயிற்றுக்கு மேல் பூட்டுப்படாமற் போகவே, அதை மார்போடு கட்டி, என்னை நடுவில் தாழ இருத்தி, நீரோட்டத்தை நேரே குறுக்கறுக்காமல் மரங்களை ஒட்டி மேலேறிச் சாய்வாக இறங்கிக் கரைசேர்த்தார்கள். கூலி வாங்க மறுத்தார்கள். மாமியும் பிள்ளைகளும் தங்கிய பாடசாலையில் மேசைகளை இணைத்துப் படுக்கையாக்கித் தந்த இளைஞர்களுக்கும், சின்னவன் உறைப்புத் தின்னமாட்டான் என்று கண்டு அவனுக்காக மட்டும் பருப்பு அவித்துச் சோற்றில் பிசைந்து ஊட்டிய அக்காவுக்கும், குழிகளில் என்னைக் குலுக்காமல் வைத்தியசாலைவரை ஓட்டிவந்த முச்சக்கர வண்டித் தம்பிக்கும், இரவு முழுவதும் குழந்தையின் இதயத்துடிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டு எனக்குத் தைரியம் சொன்ன தாதியருக்கும் வைத்தியர்களுக்கும் என் நன்றிகள்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். தோணியில் எங்கள் பை நனைந்துபோனதால், பிறக்கும் பிள்ளையைச் சுற்ற என்னிடம் காய்ந்த துணி ஒன்றும் இருக்கவில்லை. தம் மகளின் பிரசவத்துக்காக ஓட்டமாவடியிலிருந்து வந்து நின்ற ஓர் உம்மா, பேரப்பிள்ளைக்கென்று வைத்திருந்த புதிய வெள்ளைத் துவாயை எடுத்து என் தலைமாட்டில் வைத்தார். என் மகளை முதலில் சுற்றியது அதில்தான். நான் கண்விழித்துத் தேடும்போது அவர்கள் வீடு போய்விட்டார்கள். துவாயைக் கழுவி மடித்து வைத்திருக்கிறேன். அந்த உம்மாவைத் தெரிந்தவர்கள், வீதி சரியானதும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நானே நேரில் வருவேன் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நன்றியுடன்,
மூன்று பிள்ளைகளின் தாய்,
கிரான், மட்டக்களப்பு.