கம்பளியில் இலை பறித்தவன்

கோத்தகிரி
தை 12

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கார்த்திகைப் பிறப்புக்கு முன்பே வந்துவிட்டது. பதில் இப்போதுதான் எழுதுகிறேன். நீ நாலு மாதம் எடுத்துக்கொள்கிறவன், அதனால் மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. இங்கே பனியில் பள்ளத்துத் தேயிலை கருகிக் கிடக்கிறது, இலை வரத்து பாதிக்கும் கீழே. காட்டுமாடு இரண்டு நம் பள்ளிக்கூட மைதானத்தில் வந்து மேய்கின்றன. பிள்ளைகள் அதைச் சட்டை செய்வதே இல்லை. எனக்கு மூட்டு வலி, வீட்டுக்காரிக்குச் சர்க்கரை. ஊர்ச் செய்தி முடிந்தது.

"தம்பி எப்படி இருக்கிறான், இன்னும் ஊற்றுகிறானா?" என்று கேட்டிருந்தாய். அதை எழுத வேண்டுமே என்றுதான் இத்தனை நாள் பேனாவைத் தொடவில்லை.

கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டான். இனி நாற்பத்தெட்டு நாள் வீட்டில் சத்தம் இருக்காது என்று தம்பி மனைவி பாயசம் வைத்தாள். முந்தின இரவு வரை குடித்தவன், விடியற்காலைக் குளிரில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு கருப்பு வேட்டி கட்டி நின்றான். கை நடுங்கியது. குளிர் என்று நினைத்தோம். இரண்டாம் நாள் வேர்த்துக் கொட்டியது, ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி அவள் போன் செய்தாள். "மாமா, கொஞ்சம் வாங்க" என்றாள், வேறெதுவும் சொல்லவில்லை.

நான் போனபோது கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் கம்பளி. அதன்மேல் இரண்டு கையும் ஓடுகின்றன. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளுகின்றன, கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் எறிகிறான், மறுபடி கிள்ளுகிறான். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இலை பறிக்கிறான்! இரண்டு இலை, ஒரு மொட்டு. முதுகில் இல்லாத கூடைக்குள் போடுகிறான். நடுநடுவே "அட்டை, அட்டை" என்று காலைத் தட்டிவிட்டுக்கொள்கிறான். தம்பி மனைவி தண்ணீர் டம்ளரை நீட்டினாள். நிமிர்ந்து பார்த்து, "நீங்க எந்த ஊரும்மா?" என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டான்.

விரதத்தில் ஏதோ பிசகு, சாமி குத்தம் என்றார் பக்கத்து வீட்டு குருசாமி. எலுமிச்சம்பழம் வந்தது. நானும் பாதி நம்பிவிட்டேன், உன்னிடம் மறைப்பானேன். கோவையில் நர்சிங் படிக்கிற என் மகள்தான் போனில் கத்தினாள்: "பழத்தைக் கீழே போடுங்கப்பா. இது குடியைத் திடீர்னு விட்டதால வர்றது. வலிப்பு வரும், உயிரே போகலாம். 108க்குச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது, ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பார் என்று. "ஒரு குவார்ட்டர் இருக்கும் சார்" என்றேன் நான். தம்பி மனைவி, "போன மாசம் எழுநூத்திப் பத்து ரூபா" என்றாள். அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. உனக்கும் சட்டென்று பிடிபடாது. காட்டில் வீசுகிற பாட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது என்று ஐகோர்ட் வரை போய், 2022இல் நீலகிரியில் ஒரு ஏற்பாடு வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள், காலிப் பாட்டிலைக் கொடுத்தால் அந்தப் பத்தைத் திருப்பித் தருவார்கள். அவன் குளியலறைக் கூரையிலும் செடி இடுக்கிலும் ஒளித்ததையெல்லாம் பொறுக்கிக் கொடுத்து இவள் வீட்டுக்கு எண்ணெய் வாங்கியிருக்கிறாள். எழுபத்தொரு பாட்டில். வீட்டுப் பக்கம் கிடைத்தது மட்டும் அவ்வளவு. டாக்டர் கணக்குப் போட்டு முடித்ததும் அவர் முகமே மாறிவிட்டது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். சாராயம் மூளையை அமர்த்துகிற சரக்கு. தினமும் அது உள்ளே போனால், மூளையும் ஈடுகொடுக்கத் தன்னை முறுக்கேற்றி வைத்துக்கொள்கிறது. கதவை இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று தள்ளுகிற மாதிரி. ஒருவன் திடீரென்று விலகினால் மற்றவன் குப்புற விழுவான் அல்லவா? அந்த விழுகைதான் நடுக்கம், வேர்வை, இல்லாத அட்டை, இல்லாத இலை எல்லாம். பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் முற்றுமாம். வைட்டமின் பி1 ஊசி, நடுக்கத்தை அடக்கும் மருந்து என்று ஐந்து நாள். ஆறாம் நாள் என்னைப் பார்த்து, "ஏண்ணே இப்படி இளைச்சுட்ட?" என்றான்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் வராந்தாவில் தம்பி மனைவி ஒன்று சொன்னாள். "குடிச்சப்ப என்னை நல்லா ஆள் தெரிஞ்சுதான் மாமா அடிச்சாரு. குடிக்காதப்பதான் நீ யாருன்னு கேக்கறாரு." டீயை அப்படியே கீழே வைத்துவிட்டேன். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

ஆள் தெரிந்து என்றாளே, அது நிஜம். நீயும் பார்த்திருக்கிறாய். கடைவீதியில் அத்தனை சலம்பல் செய்துகொண்டு வருவான், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வாயை மூடி நடப்பான். தாண்டியதும் மறுபடி ஆரம்பம். வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் கை ஓங்கும். முன்மூளையின் பிடியைச் சாராயம் தளர்த்துகிறது என்கிறாள் மகள், சரி, தளர்த்தட்டும். ஆனால் தளர்ந்த கை ஏன் எப்போதும் ஒரே கன்னத்தைத் தேடிப் போகிறது? 1969இலேயே மக்ஆண்ட்ரூ, எட்ஜர்டன் என்று இரண்டு அமெரிக்கர்கள் பல ஊர்ச் சமூகங்களைப் பற்றிய குறிப்புகளை ஒப்பிட்டு, குடித்தவன் எப்படி நடக்க வேண்டும் என்பதை அவனவன் தன் ஊரிலிருந்தே கற்கிறான் என்று எழுதியிருக்கிறார்களாம். 1973இல் மார்லட் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். வோட்கா கலந்தது என்று சொல்லி வெறும் டானிக் தண்ணீரைக் கொடுத்தாலும், சொல்லை நம்பியவர்கள்தான் அதிகம் குடித்தார்களாம். நம் ஊர் கற்றுக்கொடுத்த பாடம் "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு". இதைவிட நல்ல லைசன்ஸ் யார் கொடுப்பார்கள்?

ஒரு விஷயத்தில் மட்டும் அவன்மேல் அநியாயமாகக் கோபப்பட்டிருக்கிறேன். ராத்திரி பேசியதைக் காலையில் "நான் சொல்லவே இல்லை" என்பான். பொய் என்று எத்தனை முறை சட்டையைப் பிடித்திருப்பேன். வேகமாக நிறையக் குடித்தால் மூளை அந்த நேரத்தைப் பதிவு செய்வதே இல்லையாம். மறந்துபோனால் ஞாபகப்படுத்தலாம், எழுதாத பக்கத்தை எங்கே போய்ப் புரட்டுவது? ஆக, செய்தவன் அவன்தான். ஆனால் செய்தது அவனிடம் இல்லை. அவளிடம்தான் இருக்கிறது.

இன்னொன்று. ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், சுத்தச் சாராயம் மட்டும் 77 மில்லி போல இருக்கிறது. ஈரல் மணிக்கு ஏறக்குறையப் பத்து மில்லிதான் கரைக்கும். ராத்திரி பத்து மணிக்குப் போட்டது ஏறக்குறைய விடிகிற வரை உடம்பில் இருக்கிறது. இவன் இரண்டு குவார்ட்டரைப் போட்டுவிட்டு, "தெளிஞ்சிட்டேன்" என்று காலையில் பிள்ளையை ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவான். நானும் வாசலில் நின்று கையாட்டியிருக்கிறேன்.

கஞ்சா பற்றியும் கேட்டிருந்தாய். அது வேறு ரகம், அதில் நேரமே நீண்டு போய்விடும் என்கிறார்கள். டாக்ஸி ஓட்டுகிற என் பையன் ஒரு கூட்டத்தை ஊட்டிக்கு ஏற்றிப் போனானாம். முப்பது கிலோமீட்டர்தான். பின்சீட்டில் இருந்தவன் இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம், "அண்ணா, நேத்து கிளம்பினோமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தானாம். பையன் சிரித்துச் சிரித்துச் சொல்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயசாகிவிட்டது போல.

தம்பி இப்போது மாத்திரையில் இருக்கிறான். வாரம் ஒருநாள் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறான். பொங்கலன்று சறுக்கினான், ஒரு கட்டிங். மறுநாள் டாக்டரிடம் அவனே சொல்லியிருக்கிறான், அது புதுசு. போன வாரம் தோட்டத்தில் என்னிடம், "அன்னைக்கு ராத்திரி நான் என்னண்ணே பண்ணினேன்?" என்றான். இலை பறித்ததைச் சொன்னேன், சிரித்தான். எந்த ஊரும்மா என்று கேட்டதைச் சொல்லவில்லை. அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவள் பாடு.

மாசியில் வருவதாக எழுதியிருக்கிறாய், வா. கேன்டீன் ரம் மட்டும் வேண்டாம். அவனுக்கு முதல் கிளாஸை ஊற்றியது நாம் இரண்டு பேரும்தான், குளிருக்கு நல்லதுடா என்று சொல்லி. அதுவே தப்பாம். தோல் பக்கம் ரத்தம் பாய்வதால் சூடாகத் தெரியுமே தவிர, உள்சூடு வெளியேறி உடம்பு இன்னும் குளிர்ந்துதான் போகிறதாம். அதனால் நல்ல ஸ்வெட்டராக ஒன்று எடுத்து வா. வீட்டில் இருக்கிற ஒரே கம்பளியை அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

உன் பழைய பெஞ்சுக்காரன்